எலும்பு கூடிய பிறகும் ‘இது என் கை போலவே இல்லை’ என்று அம்மா சொல்வது மனப்பிரமையா?

உங்கள் தாயாருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்து நான்கு மாதங்கள் ஆகியும் வலி தீரவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது. ஆனாலும் கை தன்னுடையது போலவே இல்லை, சொன்னபடி கேட்கவில்லை என்கிறார். இது மனப்பிரமையா, பயமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை. அதே சொற்களைச் சொல்லி, வீட்டிலிருந்தவர்களை நம்பவைக்க முடியாமல் தவித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லேன், பள்ளித் தமிழாசிரியை.

எனக்கு முறிந்தது இடது மணிக்கட்டு. கட்டைப் பிரித்த சில நாள்களில் எரிச்சல் தொடங்கியது. மின்விசிறிக் காற்று பட்டாலும், பருத்திப் புடவையின் கரை உரசினாலும் தணலைத் தொட்டாற்போல் இருக்கும். கை ஒரு வேளை சிவந்து சுடும்; இன்னொரு வேளை நீலம் பாரித்துக் குளிர்ந்து கிடக்கும். இவற்றையெல்லாம் மருத்துவரிடம் சொன்னேன். சொல்லக் கூசி மறைத்தவை வேறு. கண்ணை மூடினால் அந்தக் கை இருமடங்கு பருத்திருப்பதாகத் தோன்றும். மகள் மோதிரவிரலைத் தொட்டால், நடுவிரல் என்பேன். புடவை கட்டுகையில் கொசுவத்தை இடக்கையில் பிடித்திருப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பேன். குனிந்து பார்த்தால் மடிப்புகள் அத்தனையும் நழுவித் தரையில் கிடக்கும். விரல்களை உற்றுப் பார்த்து, ‘மூடு’ என்று மனத்துக்குள் ஆணையிட்டால்தான் அவை மூடும், அதுவும் தாமதமாக. “எலும்பு கூடி எவ்வளவு நாளாச்சு, இன்னும் கையைப் பொத்திப் பொத்தி வெச்சுக்கிறியே” என்று நாத்தனார் கேட்டபோது, என்னிடம் பதிலே இருக்கவில்லை.

பின்னர் இன்னொரு மருத்துவர் பரிசோதித்து, இது ‘காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்’, சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ்., என்றார். பெயர்தான் புதியது, 1994இல் வைக்கப்பட்டது. நோயோ, அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டடிபட்ட வீரர்களிடம் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் கண்டு 1864இல் எழுதி வைத்தது. எரிவு தாளாமல் அவர்கள் ஈரத்துணியைக் கையில் சுற்றியபடியே இருந்தார்கள் என்கிறார். பெரிய காயம்தான் காரணமாக வேண்டும் என்பதில்லை. மணிக்கட்டு முறிவு, சுளுக்கு, சிறு அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின்னும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று நான்கு மடங்கு மிகுதி.

இதை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ தனியாக இல்லை. காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி தொடர்கிறதா என்பதை முதலில் பார்த்து, பிறகு 2003இல் புடாபெஸ்ட் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த முறைப்படி நான்கு தொகுதிகளைச் சோதிக்கிறார்கள்: தொடு உணர்வின் மிகை, தோலின் நிறமும் வெப்பமும் மாறுதல், வீக்கமும் வியர்வையும், அசைவுக் குறையோடு நகம், முடி, தோல் ஆகியவற்றின் மாற்றம். நோயாளி சொல்பவை இவற்றுள் மூன்று தொகுதிகளிலாவது இருக்க வேண்டும். மருத்துவர் நேரில் காண்பவை இரண்டிலாவது இருக்க வேண்டும். வேறு நோய் எதுவும் அந்நிலையை இதைவிட நன்றாக விளக்கக் கூடாது. கடைசி நிபந்தனையை இலேசாக எண்ணாதீர்கள். நரம்பு நசுங்குதல், கிருமித்தொற்று, ரத்தக்கட்டு ஆகியவையும் இப்படித் தோற்றம் காட்டலாம். ஆகவே, இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

கை நழுவுவதும் அந்நியமாகத் தோன்றுவதும் அந்தப் பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை. பலர் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதற்கு இதுவும் காரணம் என்பது என் எண்ணம். ஆனால், பார்த்துக்கொண்டிருந்தால் மட்டுமே கை அசைகிறது, அது தன்னுடையது போல் இல்லை என்று இந்நோயாளிகள் சொல்வதை 1990களின் நடுப்பகுதியிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். இடக்கை, வலக்கைப் படங்களைக் காட்டி எது எந்தக் கை என்று கேட்டால், வலிக்கும் பக்கத்துக் கையை அடையாளம் காண அவர்களுக்குக் கூடுதல் நேரம் ஆகிறது. படத்தைப் பார்ப்பதற்குத் தசை வலிமை வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். 2008இல் மோஸ்லி என்ற வலி ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், கையில் நாள்பட்ட வலி உள்ள பத்துப் பேரைத் தங்கள் கையைப் பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலர் வழியே பார்த்தபடி அசைக்கச் சொன்னபோது வலியும் வீக்கமும் கூடின. சிறிதாக்கிக் காட்டியபோது குறைந்தன. வலி கூடியதையாவது எண்ணம் என்று தள்ளிவிடலாம், வீக்கத்தை எப்படித் தள்ளுவது? மூளையில் கைக்குரிய பகுதி சுருங்கிவிடுகிறது என்று முதலில் வந்த ஆய்வுகள் கூறின. 2019இல் மேலும் நுணுக்கமாகச் செய்த ஆய்வு அப்படிச் சுருக்கம் எதையும் காணவில்லை. மூளையில் எங்கே பிசகுகிறது என்பதில்தான் தர்க்கம். பிசகு உண்டு என்பதில் இல்லை.

எனக்கு இயன்முறை மருத்துவர் முதலில் தந்த பயிற்சி மிக எளியது. புறங்கையில் ஐந்து புள்ளிகள் இட்டு, நான் பாராதபோது மகள் பேனா முனையாலோ பாட்டில் தக்கையாலோ அவற்றுள் ஒன்றைத் தொடுவாள். எந்தப் புள்ளி, எந்தப் பொருள் என்று நான் சொல்ல வேண்டும். வெறுமனே தொட்டுக்கொண்டிருந்தால் பயனில்லை, வேறுபடுத்திச் சொன்னால்தான் வலியும் தொடு உணர்வும் சீர்ப்படுகின்றன என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதன்பின் இடக்கை, வலக்கைப் படங்களைப் பிரித்தறிதல். பிறகு கையை அசைக்காமல் அசைப்பதாக எண்ணிப் பார்த்தல். கடைசியாகக் கண்ணாடிப் பயிற்சி: வலிக்கும் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, முன்னால் அசையும் நல்ல கையின் பிம்பத்தை அந்தக் கையாகவே பார்ப்பது. வரிசையை மாற்றி நேராகக் கண்ணாடிக்குப் போன ஒரு நாளில் எனக்கு இரவு முழுவதும் வலித்தது. இவற்றோடு மருந்தும் உண்டு. அன்றாட வேலைகளில் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவதும் உண்டு. வலிக்கிறதே என்று முழுவதும் கட்டி வைப்பதும், பல்லைக் கடித்துக்கொண்டு முரட்டுத்தனமாக மடக்குவதும் ஒன்றுக்கொன்று குறையாத கெடுதல்கள்.

அந்தக் கண்ணாடி முறையை, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், கையிழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலிக்காக 1990களில் வகுத்தார். சி.ஆர்.பி.எஸ்.ஸில் அதைப் பயன்படுத்தி 2003இல் வெளிவந்த சிறிய ஆய்வில், நோய் தொடங்கி எட்டு வாரங்களுக்குள் வந்தவர்களுக்கு நன்கு பலித்தது. இரண்டு ஆண்டுகளைக் கடந்தவர்களுக்கு வலி குறையவில்லை. எட்டே பேரிடம் செய்த ஆய்வுதான். இருந்தாலும், நான்கு மாதம் ஆகிவிட்ட நிலையில் இனி நாள் கடத்தாதீர்கள். எலும்பு மருத்துவரிடமோ வலி நிவாரணப் பிரிவிலோ காட்டும்போது, ‘வலிக்கிறது’ என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பொருள் எப்போது நழுவியது, கண்ணை மூடினால் கை எப்படித் தோன்றுகிறது என்பவற்றைத் தாயார் சொல்லும் சொற்களிலேயே எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

கண்ணாடிப் பயிற்சி தொடங்கினால், நல்ல கையில் உள்ள வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். வீங்கிய கையில் அவை இருக்கப்போவதில்லை. வளையலோடு தெரியும் பிம்பத்தைத் தன் கையென்று ஏற்க எனக்கு முதல் வாரம் முழுவதும் முடியவில்லை.