வெள்ளைவால் மான்கள் அரிதாக இருக்கும் காட்டில் வேட்டையாடுவது எப்படி?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில வயலோரங்களில் மரமேடையில் உட்கார்ந்து வெள்ளைவால் மான் வேட்டையாடிப் பழகிய ஒருவர், அந்நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தின் வடக்குக் காடுகளில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு மானைக்கூடப் பார்க்க முடியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்.

என் பதில்: உட்காராதீர்கள். அங்கே மான் இருக்கிறது என்று உறுதியாகும்வரை உட்காரவே உட்காராதீர்கள்.

வயலோரத்தில் மேடை போட்டுக் காத்திருப்பது பலிக்கக் காரணம், அங்கே மான்கள் நெருக்கமாக இருப்பதுதான். எங்கே உட்கார்ந்தாலும் ஏதோ ஒன்று கடந்து போகும். வடக்கு மெய்னின் பல பகுதிகளில் சதுர மைலுக்கு 1 முதல் 5 மான்கள்தான். அதுவும் வெறும் சராசரி. நடைமுறையில் மைல் கணக்கில் ஒரு குளம்படிகூட இருக்காது, பிறகு ஒரே ஒரு மலைச்சரிவில் ஐந்தாறு மான்கள் சேர்ந்து மேயும். வெறும் இடத்தில் எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் பலனில்லை. எனவே வேலையில் முக்கால் பங்கு தேடல்.

தேட வேண்டியது பெண் மான்களை. பெரிய காட்டில் ஓர் ஆண் மான் பல சதுர மைல் சுற்றும், இன்று இருக்கும் இடத்தில் நாளை இருக்காது. பெண் மான்கள் தாய், மகள், குட்டி என்று சிறு கூட்டமாக ஒரு வட்டாரத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை. நவம்பர் நடுவில் இணைசேரும் பருவம் உச்சத்துக்கு வரும்போது ஆண் மான் தானாக அங்கே வந்தாக வேண்டும். ஒரு பெண் மான் இணங்கும் நேரம் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அதனால் ஆண் ஒரு கூட்டத்தை மோப்பம் பிடித்துப் பார்த்து, எதுவும் பருவத்தில் இல்லையென்றால் அடுத்த கூட்டத்தைத் தேடி நடையைக் கட்டிவிடும். இந்தக் காட்டில் அந்த நடை பல கிலோமீட்டர் இருக்கும். இரண்டு மூன்று கூட்டங்களின் இருப்பிடம் தெரிந்தால் அதன் சுற்றுப்பாதையும் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

கூட்டத்தைக் கண்டுபிடிக்க முதலில் உணவைப் பாருங்கள். வான்படத்தில், மரம் வெட்டி 5 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ராஸ்பெர்ரியும் செம்மேப்பிள் தளிரும் மான் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருக்கும். அதைவிடப் பழைய வெட்டில் தளிர் எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும். அடுத்தது, கொட்டை உதிர்க்கும் பீச் (beech) மரங்கள் உள்ள மேட்டுச் சரிவுகள். பீச் ஒரு வருடம் கொட்டும், மறுவருடம் ஒன்றுமே இருக்காது. அதனால் போன வருட இடத்தை நம்பாமல் சருகைக் காலால் விலக்கிக் கொட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்த உணவுப் பகுதியை ஒட்டி அடர்ந்த ஃபர், சீடார், ஹெம்லாக் போன்ற ஊசியிலை மரங்கள் இருந்தால் இன்னும் நல்லது, மான் படுக்க அங்கேதான் போகும்.

மேய்ந்த அடையாளத்தைக் கிட்டப் பார்த்துப் பழகுவது அவசியம். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கிள்ளிக் கடிக்க முடியாமல் பிய்த்து இழுப்பதால் குச்சியின் முனை நார் நாராகத் தொங்கும். கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல முனை சுத்தமாக இருந்தால் அது முயலின் வேலை. பிய்த்த முனை தலைக்கு மேலே இருந்தால் மூஸ், அதாவது அங்கே வாழும் மிகப் பெரிய மான் இனம். வெட்டுமுகம் வெளிறி ஈரமாக இருந்தால் புதியது, கறுத்துக் காய்ந்திருந்தால் போன மாதத்துச் சங்கதி.

கொம்பு தேய்த்த மரத்திலும் இதே குழப்பம் வரும். பட்டை உரிந்தது முழங்காலிலிருந்து இடுப்புவரை என்றால் மான், நெஞ்சுக்கும் மேலே என்றால் பெரும்பாலும் மூஸ். ஆண் மான் குளம்பால் தரையைப் பறித்துச் சிறுநீர் விட்ட இடத்தின் மேலே, அது வாயாலும் நெற்றியாலும் தடவிய கிளை ஒன்று தொங்க வேண்டும். கிளை இல்லாத பள்ளத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் காட்டில் அப்படிப்பட்ட இடங்கள் குறைவுதான். ஆனால் மரம் ஏற்றிய வண்டிகளின் பழைய பாதைகள் சேரும் முனைகளில் ஆண் மான்கள் ஆண்டுதோறும் அதே கிளையின் கீழ் புதுப்பிக்கும். விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் டிரெயில் கேமரா வைப்பதானால் நிலத்துக்காரர் அனுமதியோடு அங்கே வையுங்கள்.

தேடும்போது வேகமாக நடங்கள். ஒரு மணி நேரத்தில் புதுப் புழுக்கையோ தடமோ பிய்த்த குச்சியோ கண்ணில் படவில்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான். வரைபடத்தில் அழகாகத் தெரிந்த இடம் என்பதற்காக மூன்று நாள் அங்கேயே சுற்றுவார்கள். புதுத் தடயம் தென்பட்டதும் நேர்மாறாக மாறுங்கள்: இரண்டு அடி வைத்து நின்று, மரங்களுக்கிடையே கிடைமட்டமாக ஏதாவது கோடு தெரிகிறதா என்று பாருங்கள். காட்டில் எல்லாம் செங்குத்து, மானின் முதுகு மட்டும்தான் கிடை. காய்ந்த சருகில் இப்படி நடக்க முடியாது. மழை பெய்து நனைந்த மறுநாளும், காற்று மிதமாக வீசும் நாளும்தான் இதற்கு ஏற்றவை.

பனி விழுந்துவிட்டால் வேறு எதையும் யோசிக்காமல் தடத்தைப் பிடியுங்கள். மான் குறைந்த காட்டின் பெரிய அனுகூலம் இதுதான்: பெரிய தடம் ஒன்று கிடைத்தால் அதைக் குழப்ப வேறு தடங்கள் இல்லை. வெர்மான்ட் மாநில வேட்டைக்காரர் லாரி பெனோவா இந்த முறையால்தான் பெயர் பெற்றவர். இப்படி வேட்டையாடுபவர்கள் விடியலில் காட்டுப்பாதைகளில் மெல்ல வண்டியோட்டி, இரவில் குறுக்கே போன தடத்தைத் தேடுவார்கள். அளக்க எளிய வழி, .308 துப்பாக்கித் தோட்டாவைத் தடத்தின் பக்கத்தில் வைப்பது. அது முழுதாக 7 செ.மீ. சொச்சம். குளம்புக்குப் பின்னால் பதியும் இரு சிறு குளம்புகளை விட்டு அளந்தும் தடம் தோட்டாவைவிட நீளமாக, அகலமும் கூடியதாக இருந்தால் பின்தொடரலாம். அளவு மட்டும் போதாது, பெரிய பெண் மானும் உண்டு. நடந்துகொண்டே சிறுநீர் சொட்டியிருப்பது, நெருங்கிய இரு மரங்களுக்கிடையே நுழையாமல் சுற்றிப் போவது, மோப்பம் பார்க்கத் தலை தாழ்த்திய இடத்தில் பனியில் கொம்பு நுனி பட்டிருப்பது, இவை ஆண் என்பதற்கான அடையாளங்கள். தடத்தின் வயதுக்கு, பக்கத்தில் உங்கள் காலை அழுத்தி ஒப்பிடுங்கள். அதன் விளிம்பு உறைந்து கெட்டியாகியும் உங்களுடையது பொடிப்பொடியாகவும் இருந்தால் அது பல மணி நேரம் முன்னால் போய்விட்டது.

நேர்கோட்டில் போகும் தடத்தின் பின்னே நன்றாக எட்டி நடக்கலாம், அது எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. தடம் வளைந்து நெளிந்து, அங்கங்கே குச்சியைக் கடித்து, மேட்டை நோக்கித் திரும்பினால் நில்லுங்கள். படுக்கப் போகிறது. இனி நூறு மீட்டருக்குக் கால் மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. படுக்கும் மான் வந்த வழியைப் பார்த்தபடி, சற்று உயரத்தில் படுத்திருக்கும். தடத்தின் மேல் கண்ணை வைத்துக்கொண்டே போகிறவர் பார்ப்பது எழுந்து ஓடும் வெள்ளை வாலை மட்டும்தான். கண் எப்போதும் முன்னாலும் இரு பக்கமும் இருக்க வேண்டும், தடத்துக்கு ஓரக்கண் போதும். எழுந்து ஓடிவிட்டால் அரை மணி நேரம் விட்டுப் பிடிப்பது நல்லது என்பது என் கருத்து. உடனே துரத்துபவர்களும் இருக்கிறார்கள்.

காத்திருக்கத் தகுந்த சமயமும் உண்டு. பெண் கூட்டம் இருக்கும் இடம் உறுதியாகி, இணைசேரும் பருவமும் வந்துவிட்டால், கூட்டத்துக்கும் படுக்கும் அடர்காட்டுக்கும் இடையில், காற்று உங்களிடமிருந்து அவற்றை நோக்கி வீசாத பக்கமாக, காலை முதல் மாலை வரை இருங்கள். மலைமுதுகின் தாழ்ந்த கணவாய், பீவர் அணையின் ஓரம் போன்ற நெருக்கு வழிகள் உகந்தவை. நண்பகலில் எழுந்து போய்விடாதீர்கள், கூட்டம் விட்டுக் கூட்டம் போகும் ஆண் மான் மதியத்திலும் நடக்கும்.

சுடும் தூரம் பெரும்பாலும் 50 மீட்டருக்குள். துப்பாக்கியின் ஸ்கோப்பை (தொலைநோக்கியை) மிகக் குறைந்த பெருக்கத்தில் வைத்திருங்கள். நான்கு மடங்குக்கு மேல் இருந்தால் கிளைகளுக்கு நடுவே மானைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். புதருக்குள் ஊடுருவிச் சுட வேண்டாம். பட்ட இடத்தில் இளஞ்சிவப்பாக நுரைத்த இரத்தம் இருந்தால் நுரையீரல், மான் தொலைவில் இருக்காது. கருஞ்சிவப்போடு பச்சைக் கழிவு கலந்திருந்தால் வயிறு, குறைந்தது ஐந்தாறு மணி நேரம் தொடரக் கூடாது, நெருக்கினால் அது கிலோமீட்டர் கணக்கில் போய்விடும்.

பெண் மான் சுட அனுமதிச் சீட்டு கிடைத்தாலும் இந்தப் பகுதியில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும், அதனால் ஓர் ஆண் போவது எண்ணிக்கையை அதிகம் பாதிக்காது. ஒரு தாய் போனால் அந்தச் சரிவே பல ஆண்டு வெறிச்சோடிவிடும். ஏற்கெனவே 2008, 2009 கடும் பனிக்காலங்களில் இங்கே ஏராளமான மான்கள் செத்தன. அவை குளிருக்கு ஒதுங்கும் சீடார், ஃபர் காடுகளும் மரவெட்டாலும் 1970, 80களில் மரங்களை அழித்த மொட்டுப்புழுத் தாக்கத்தாலும் குறைந்துவிட்டன.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டை குற்றம். இங்கே எழுதியது மெய்ன் மாநில உரிமம் எடுத்தவர்களுக்கு மட்டும். அங்கே ஞாயிற்றுக்கிழமை வேட்டை கிடையாது, தீனி போட்டு மானை இழுக்கக் கூடாது, துப்பாக்கிப் பருவத்தில் தொப்பியும் மேலாடையும் பளிச்சென்ற ஆரஞ்சில் இருக்க வேண்டும். நவம்பர் நடுவில் மாலை நான்கு மணியளவில் சூரியன் மறையும். தடம் இழுத்துக்கொண்டே போனாலும் இரண்டு மணிக்குத் திரும்புங்கள். கைபேசியை நம்பாமல் காந்தத் திசைகாட்டி, இரண்டு தலைவிளக்கு, நனையாத தீப்பெட்டி வைத்திருங்கள். குடல் எடுத்த பிறகும் பெரிய ஆண் மான் 90 கிலோ இருக்கும். அதைத் தனியாக இழுத்து வர ஒரு கிலோமீட்டரே அரை நாள் வேலை. சுட்ட 18 மணி நேரத்துக்குள் பதிவு நிலையத்தில் காட்டியாக வேண்டும் என்பதையும் மனதில் வைத்தே எவ்வளவு தூரம் போவது என்று முடிவெடுங்கள். கல்லீரல், சிறுநீரகத்தை மட்டும் சமைக்க வேண்டாம். கேட்மியம் என்ற நச்சு உலோகம் அவற்றில் சேர்ந்திருக்கலாம்.