ரிவர்ஸ் விழ மறுக்கிறதா? மலைப்பாதை ஓட்டுநர்களுக்குச் சில பதில்கள்

சமவெளியில் ரிவர்ஸ் கியர் விழவில்லை என்றால் பின்னால் நிற்பவர் ஹார்ன் அடிப்பார். மலையில் நிலைமை வேறு. ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய தேயிலைத் தோட்டப் பாதையில் வழிவிட வேண்டுமானால், வந்த வழியே பின்னோக்கி ஏறித்தான் ஆக வேண்டும். அந்த நேரம் பார்த்து லீவர் முரண்டு பிடித்தால் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்சுவர். இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இதையே சுற்றி வந்ததால் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒன்றைக் கவனித்து வையுங்கள். ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா, சத்தமே இல்லாமல் முட்டிக்கொண்டு நிற்கிறதா? இரண்டும் வேறு வேறு நோய். மெக்கானிக்கிடம் போனால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து: "சின்ன கார்ங்ணா, அஞ்சு வருஷமாச்சு. முன்னால போற கியர் எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுது. ரிவர்ஸ் மட்டும் கர்ருனு கத்துது. கியர் பாக்ஸ் போச்சா?"

போகவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் இப்படியே கத்தவிட்டால் ஒருநாள் போகும்.

முன்னோக்கிப் போகும் கியர்களில் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கின்றன. லீவரைத் தள்ளும்போது சிங்க்ரோ வளையம் என்ற பாகம் இரு பக்கத்து வேகத்தையும் சமமாக்கிவிட்டுப் பூட்டுகிறது. அதனால்தான் வெண்ணெய் மாதிரி விழுகிறது. பெரும்பாலான கார்களில் ரிவர்ஸுக்கு அந்த வசதி கிடையாது. ஐடிலர் என்ற சிறு பல்சக்கரம் நகர்ந்து போய், மற்ற இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நேரடியாகக் கோத்துக்கொள்ள வேண்டும். அவை நின்றிருந்தால்தான் அது நடக்கும்.

நீங்கள் கிளட்சை மிதித்ததும் இன்ஜினின் பிடி விட்டுப்போகிறது. ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் மின்விசிறி சுற்றுவதுபோல, கியர் பாக்ஸுக்குள் இருக்கும் தண்டு சில நொடிகள் தன் வேகத்திலேயே சுழலும். மிதித்த உடனே ரிவர்ஸைத் தள்ளினால் சுழலும் பல்லில் நிற்கும் பல் உரசுகிறது. அதுதான் அந்தச் சத்தம்.

செய்ய வேண்டியது எளிது. வண்டியை முழுதாக நிறுத்துங்கள். கிளட்சை அடிவரை மிதித்து மூன்று நான்கு நொடி பொறுங்கள். அவசரமென்றால், கிளட்சை விடாமல் முதலில் இரண்டாம் கியரில் போட்டு எடுத்து, அடுத்து ரிவர்ஸுக்குப் போங்கள். இரண்டாம் கியரின் சிங்க்ரோ அந்தத் தண்டைப் பிடித்து நிறுத்திவிடும். சில புதிய வண்டிகளில் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ உண்டு. அவற்றிலும் வண்டி உருளும்போது போடக் கூடாது.

பூம்பாறையிலிருந்து: "பூண்டு மூட்டை ஏத்தற பிக்கப். சில நேரம் ரிவர்ஸ் சத்தமில்லாம கல்லு மாதிரி நிக்குது. பலமா தள்ளுனா விழுது. தள்ளலாமா?"

தள்ளாதீர்கள் அண்ணே. பலத்துக்கு விழுவது போலத் தெரிந்தாலும், உள்ளே பல்சக்கரத்தை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க் வளையும், லீவரை கியர் பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜின் புஷ் நசுங்கும்.

சத்தமில்லாமல் முட்டினால், பல்லுக்கு எதிரே பல் வந்து நிற்கிறது என்று அர்த்தம். பல்லுக்கு எதிரே பள்ளம் வந்தால்தான் கோக்கும். நியூட்ரலில் வைத்து கிளட்சை ஒருமுறை முழுதாக விடுங்கள். தண்டு சற்றுச் சுழன்று பற்களின் நிலை மாறும். மறுபடி மிதித்துப் பொறுத்துப் போடுங்கள், விழும். இது பழுதே அல்ல. அந்த வடிவமைப்பின் இயல்பு.

உங்கள் ஊர்ச் சரிவில் இன்னொன்றும் உண்டு. சுமையோடு இறக்கத்தைப் பார்த்து நிற்கும் வண்டி, ஹேண்ட் பிரேக் தளர்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில் முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும். சக்கரம் நகர்ந்தால் கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டும் சுழலும், ரிவர்ஸ் கத்தும். ஆகவே மலையில் ரிவர்ஸ் போடும்போது கால் பிரேக் முழுதாக அழுந்தியிருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்.

குன்னூரிலிருந்து: "எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கத்துகிறது. ஒருவர் கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டும் என்கிறார். யாரை நம்புவது?"

இருவரையும் நம்புவதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, கிளட்சை மிதித்து பத்து நொடி பொறுத்துப் போடுங்கள்.

அணைத்தபோதும் விழவில்லை என்றால் லிங்கேஜ், கியர் கேபிள், ஃபோர்க் பக்கம் தேட வேண்டும். அணைத்தபோது சுலபமாக விழுந்து, ஓடும்போது பத்து நொடிக்குப் பிறகும் கத்தினால் கியர் பாக்ஸ் மேல் பழி போடாதீர்கள். கிளட்ச் முழுதாக விடவில்லை. கால் மிதித்திருந்தாலும் இன்ஜின் கியர் பாக்ஸ் தண்டை இழுத்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் விவரிப்பைப் பார்த்தால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வலுவாக இருக்கிறது.

அதற்கான காரணத்தைச் செலவு குறைந்த இடத்திலிருந்து தேடிப் போங்கள். முதலில் பெடலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். மழைக்காலத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டிருப்பார்கள். பெடல் அடிவரை போகாது. மேட்டை எடுத்தாலே சரியான வண்டிகள் உண்டு. அடுத்து கிளட்ச் கேபிள். பெடலைக் கையால் அழுத்தினால் தொடக்கத்தில் கொஞ்ச தூரம் சும்மா இறங்கும். அந்த ஃப்ரீ ப்ளே எவ்வளவு இருக்க வேண்டும் என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் இருந்தால் கிளட்ச் முழுதாக விடாது. சரிசெய்ய நட்டைத் திருப்பினால் போதும். முற்றிலும் இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கித் தேயும்.

கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பெடலை நாலைந்து முறை தொடர்ந்து மிதித்துப் பாருங்கள். அப்படிச் செய்ததும் ரிவர்ஸ் ஒழுங்காக விழுந்தால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரோ கியர் பாக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரோ கசிகிறது. பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஆயில் தொட்டி ஒன்றுதான். அந்த மட்டம் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மலை இறங்கிவிடாதீர்கள். எங்கே கசிகிறது என்று பார்த்த பிறகுதான் 14 கொண்டை ஊசி வளைவுகளும் மேட்டுப்பாளையமும்.

பிளேட் தேய்ந்ததன் அறிகுறி வேறு. ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது, கருகிய வாடை வரும். அது எதுவும் இல்லாமல் ரிவர்ஸ் மட்டும் கத்துகிறது என்பதற்காகத் தேய்ந்த பிளேட்டைக் குற்றம் சொல்ல முடியாது. மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தால் மட்டும், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், வளைந்த கிளட்ச் பிளேட், பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஆகியவற்றைப் பார்க்க கியர் பாக்ஸை இறக்கலாம்.

ஊட்டியிலிருந்து ஓர் அம்மா: "தம்பி, மழை முழுக்க வண்டி ஷெட்டிலேயே நின்றது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ரிவர்ஸ் மட்டுமல்ல, எந்தக் கியரும் விழவில்லை."

அம்மா, ஈரத்தில் நின்ற வண்டிக்கு இது வரும். கிளட்ச் பிளேட், இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். பிளேட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒட்டு விட்டால் போதும். கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து உதறவிடுவது என்ற வழியை யாராவது சொல்வார்கள். உங்கள் ஷெட் சரிவில் இருந்தால் தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். வண்டி ஒரே துள்ளலாக முன்னே பாயும், கிளட்சை மிதித்தாலும் நிற்காது. தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அடுத்த மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, கிளட்சைப் பத்துப் பன்னிரண்டு தடவை மிதித்து விட்டாலே ஒட்டாது.

மன்னவனூரிலிருந்து: "மார்கழி காலையில் எல்லாக் கியரும் இறுக்கம். இரண்டு கிலோமீட்டர் போனால் சரியாகிவிடுகிறது."

குளிரில் கியர் ஆயில் கெட்டியாகிறது. ஓடிச் சூடானதும் இளகுகிறது. இறுக்கம் லேசாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் கடைசியாக என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று விசாரியுங்கள். கையேடு 75 டபிள்யூ 80 என்ற இளகிய ஆயிலைக் கேட்கும்போது, கடையில் கையிலிருந்த தடித்த 90 நம்பரை ஊற்றிவிடுவது நடக்கிறது. ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினாலும் கெடுதல். அதிலுள்ள சேர்மானங்கள் சிங்க்ரோவின் பித்தளை வளையத்துக்கு ஒத்துப்போகாமல் போகலாம்.

கூடலூரிலிருந்து: "இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, ரிவர்ஸில் போட்டுவிட்டுப் போனேன். காலையில் லீவர் நியூட்ரலுக்கே வரவில்லை."

ரிவர்ஸில் போட்டது சரி. ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். ஆனால் வண்டியின் முழு எடையும் அந்தப் பற்கள்மேல் தொங்கியிருக்கிறது. கிளட்சை மிதிக்காமல் இழுத்தால் வராது. முதலில் கால் பிரேக், அடுத்து கிளட்ச், பிறகுதான் லீவர். இந்த வரிசை மாறினால் கிளட்சை மிதித்த நொடியே வண்டி உருளும்.

நிறுத்தும்போதும் ஒரு முறை உண்டு. கால் பிரேக்கில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை மெல்ல விட்டு எடை ஹேண்ட் பிரேக்கில் தங்குகிறதா என்று பாருங்கள். பிறகு கியர், சக்கரத்துக்குக் கல். இப்படிச் செய்தால் காலையில் லீவரோடு மல்லுக்கட்ட வேண்டியிராது.

கொடைக்கானலில் வாடகைக் கார் எடுத்த ஒருவர்: "ரிவர்ஸ் எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை."

லீவர் தலைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை விரலால் மேலே தூக்கிப் பிடித்துப் போட வேண்டும். சில வண்டிகளில் லீவரையே கீழே அழுத்த வேண்டும். ஐந்தாம் கியருக்கு நேர் கீழே ரிவர்ஸ் உள்ள வண்டிகளில் ஐந்திலிருந்து நேராக இழுத்தால் தடுப்பு விடாது. நியூட்ரலுக்கு வந்து போங்கள். மலை ஏறுவதற்கு முன், வாடகைக்கு வாங்கிய இடத்திலேயே இதைப் பழகிவிடுங்கள்.

பண்ணைக்காட்டிலிருந்து: "ரிவர்ஸ் விழுகிறது, ஆனால் பின்னால் ஏறும்போது தானாக எகிறிவிடுகிறது. லீவரைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன்."

இதை உடனே நிறுத்துங்கள். பாதி ஏற்றத்தில் எகிறினால் வண்டி முன்னோக்கி உருளும், அப்போது உங்கள் ஒரு கை லீவரில் இருக்கும்.

லிங்கேஜ் புஷ், இன்ஜின் மவுண்ட் ரப்பர் இரண்டையும் முதலில் பாருங்கள். இவை போயிருந்தால் லீவர் முழுத் தூரம் போகாது, பல் பாதிதான் கோக்கும். இரண்டும் நன்றாக இருந்தால் ரிவர்ஸ் பற்களின் முனை தேய்ந்து உருண்டிருக்கும். பல நாள் கத்தவிட்டதன் பலன் அது. ஐடிலரை மட்டும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது கோக்கும் எதிர்ப் பல்லையும் ஃபோர்க்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கியர் பாக்ஸை இறக்குகிற கூலி எப்படியும் ஒன்றுதான். இறக்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.