முதலில் நின்று கேளுங்கள்

வாராவாரம் ஆலய வாசலில் கை நீட்டுபவர் குடித்துவிடுவாரோ என்று பயந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதாகவும் பிறகு ஜெபிக்கவே மனம் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

உறுத்துவது கொடுக்காத காசு அல்ல, திருப்பிய முகம்தான் என்று எனக்குப் படுகிறது. பைபிளில் லூக்கா 10-இல் இயேசு சொன்ன கதையில், கள்ளரிடம் அடிபட்டு வழியில் கிடந்தவனை ஆசாரியனும், ஆலயப் பணி செய்யும் லேவியனும் பார்த்துவிட்டுத்தான் விலகிப்போனார்கள். யூதர்கள் ஒதுக்கிவைத்த இனத்தவனான சமாரியன் கிட்டே போனான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான். காசைக் கொடுத்ததுகூட சத்திரக்காரனிடம்தான்: இரண்டு பணம், அக்காலத்தில் இரண்டு நாள் கூலி. பிறகு தன் வழியே போய்விட்டான் என்பதையும் கவனியுங்கள். எல்லாவற்றையும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை.

மாற்கு 10-இல் வழியோரம் பிச்சையெடுத்த பர்திமேயுவுக்குப் பார்வை இல்லை. வேறென்ன வேண்டியிருக்கும் அவனுக்கு? ஆனாலும் இயேசு, என்ன வேண்டும் என்று அவனிடமே கேட்டார்.

நானும் ஒருவரை மாதக்கணக்கில் கடந்துபோனவன்தான். ஒருநாள் நின்று கேட்டேன். அவர் காலைக் காட்டினார். செருப்பு வார் அறுந்து தொங்கியது. கேட்டது ஓர் ஊக்கு. என்னிடம் அது இல்லை, அசடு வழிய நின்றேன். அவரோ சிரித்தபடி, அடுத்த வாரம் கொண்டுவாருங்கள் என்றார்.

வரும் ஞாயிறு ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். அவசரத்தில் யாருக்கும் நிற்கத் தோன்றாது.