அகலச் சாலையும் முட்டுச்சந்தும்

அன்புள்ள சார்,

சென்னையை அடுத்த நாவலூர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகள் படிக்கிற பள்ளி எங்கள் பால்கனியிலிருந்தே தெரியும். ஆனால் போக வேண்டுமென்றால் பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) வரை வந்து, யூ-டர்ன் எடுத்து, பக்கத்து லே-அவுட்டுக்குள் நுழைய வேண்டும். நடுவில் இருப்பது ஒரு காம்பவுண்டு சுவர்தான். ஊர் வளர வளர எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்கிறார் கணவர். ஆகுமா?

ஆர்., நாவலூர்

அன்புள்ள ஆர்.,

தானாகச் சரியாகாது. வீடு கடையாகும், கடையை இடித்து ஆபீஸ் கட்டுவார்கள். தெரு மட்டும் போட்டது போட்டபடி கிடக்கும். மதுரையில் கோட்டைச் சுவரை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்தார்கள், அந்த இடத்தில் வெளி வீதிகள் வந்தன. உள்ளே இருக்கும் மாசி வீதிகளும் ஆவணி மூல வீதிகளும் இன்றும் அதே வரிசையில்தான் இருக்கின்றன. ஒரு வீதி அடைபட்டால் இன்னொன்றில் புகுந்து போய்விடலாம்.

உங்கள் பகுதியில் அந்த வசதி இல்லை. ஓ.எம்.ஆரும் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, நடுவில் பக்கிங்ஹாம் கால்வாய். திருவான்மியூரைத் தாண்டினால் இரண்டையும் சேர்க்கிற பெரிய சாலைகள் சோழிங்கநல்லூர்–அக்கரை, கேளம்பாக்கம்–கோவளம் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அதற்குக் கால்வாயைக் காரணம் சொல்லலாம். இந்தப் பக்கம் வயலாக இருந்த இடத்துக்கு என்ன காரணம்? நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது. ஒவ்வொரு புரமோட்டரும் தன் சர்வே நம்பருக்கு மட்டும் அப்ரூவல் வாங்கி, உள்ளே சாலை போட்டு, கடைசியில் சுவர் வைத்தார். அந்தச் சாலை பக்கத்து மனையில் எங்கே போய்ச் சேரும் என்று கேட்க ஆளில்லை. அதனால் பால் பாக்கெட் வாங்கப் போகிறவரும் மெயின் ரோட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். ஆறு வழியை எட்டு வழி ஆக்கினாலும் இது தீராது. இதில் அதிகம் வதைபடுவது கார் வைத்திருப்பவர் இல்லை, நடந்து போகிறவர். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

அமெரிக்காவும் இதே வழியில் போய்த்தான் திரும்பியது. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே புதிதாகப் போட்ட தெருக்களில் முட்டுச்சந்துகள் பல பத்தாண்டுகளாகக் கூடிக்கொண்டே போய், 1994 வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு குறையத் தொடங்கின. வர்ஜீனியா மாநிலம் 2009-இல் கறாராக ஒரு விதி போட்டது: புதுக் குடியிருப்பின் தெருக்கள் அக்கம்பக்கத்தோடு இணையாவிட்டால் அவற்றை அரசு பராமரிக்காது.

நம்மிடமும் அப்படி ஒரு பிடி இருக்கிறது. லே-அவுட் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கட்டத்திலேயே, பக்கத்து நிலத்தின் எல்லையைத் தொடாத சாலையை ஏற்க மாட்டோம் என்று சொல்லலாம். மனை விற்றுப்போன பிறகு சொன்னால் ஒவ்வொரு அடிக்கும் கோர்ட்டுதான்.

சரி, உங்கள் சுவருக்கு வருவோம். பக்கத்து லே-அவுட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலை உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தானமாகக் கொடுத்த சாலை அந்தச் சுவர் வரை வருகிறதா என்று பாருங்கள். வந்தால், உங்கள் அசோசியேஷன் தன் பக்கத்துச் சுவரில் ஒரு ஆள் நுழைகிற கேட் வைக்கலாம். பாதுகாப்பு என்று யாராவது தயங்கினால், பள்ளி நேரத்துக்கு மட்டும் திறந்துவிட்டு ராத்திரி பூட்டிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.