நனவிலி மனதை ஆராய இலக்கியம் மட்டும் போதுமா, நரம்பியலும் கணினியும் படிக்க வேண்டுமா?

தமிழ் இலக்கியம் படித்துவிட்டு நனவிலி மனதை, அதாவது நமக்கே தெரியாமல் நமக்குள் வேலை செய்யும் மனதை, ஆராய நினைக்கிறேன், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் வேண்டும். ஆனால் மூன்றையும் ஒரே நேரத்தில் பரப்பி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு மூன்று வாசலிலும் போய்க் கேளுங்கள்.

எனக்கு அந்த விஷயம் என் அம்மாச்சி. மதுரையில் நாற்பது வருஷம் மல்லிகைப்பூ கட்டி விற்றவர். கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்து என் பெயர், அம்மாவின் முகம் எல்லாம் போய்விட்டது. ஆனால் மடியில் உதிரிப்பூவும் கையில் நாரும் கொடுத்தால் விரல்கள் பாட்டுக்கு முடிச்சுப் போடும். ஒரு முழம் கட்டி முடித்ததும், "யாரு கட்டுனது? நல்லா நெருக்கமா இருக்கே" என்று என்னிடமே கேட்பார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

நரம்பியலில் அதற்குப் பதில் தேடியபோது ஹென்றி மொலைசன் என்ற வலிப்பு நோயாளி கிடைத்தார். 1953இல் வலிப்பைக் குறைக்க அவருடைய மூளையின் இரு பக்கமும் நினைவைப் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பாலானதை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு நடந்தது எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்றே நாளில் கை தேறியது. அவருக்கோ ஒவ்வொரு தடவையும் அதுதான் முதல் தடவை. நடந்ததை நினைவில் வைப்பது வேறு, கைப்பழக்கம் வேறு என்பது அப்படித்தான் தெளிவானது. அம்மாச்சியின் நோய் வேறுதான், ஆனாலும் அதைப் படித்த அன்று அழுதேன். அன்றிலிருந்து 'ஆழ்மனம்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். அது எங்கோ அடியில் கிடப்பதாக நினைக்க வைக்கிறது. அம்மாச்சியிடம் அது விரல் நுனியில் இருந்தது.

இலக்கியத்தில் நான் ஒரு தவறு செய்தேன். சிலப்பதிகார வழக்குரை காதையில் பாண்டிய அரசி கோப்பெருந்தேவி கனவு காண்கிறாள்: குடையும் செங்கோலும் வீழ்கின்றன, வாயில்மணி நடுங்குகிறது, இரவில் வானவில் தோன்றுகிறது, பகலில் விண்மீன் விழுகிறது. இதை அடக்கிய ஆசை என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு வழியில் விளக்கிக் கட்டுரை எழுதினேன். ஆனால் இளங்கோ அந்தக் கனவை வரப்போகும் கேட்டின் குறியாக வைக்கிறார், ஃப்ராய்டு கனவில் கடந்ததைத் தேடுகிறார். ஒன்று முன்னே பார்க்கிறது, மற்றது பின்னே. இதைக் கவனிக்காமல் கோட்பாட்டைப் பாட்டின் மேல் போர்த்தினால் இரண்டுமே கெட்டுவிடும்.

அப்புறம் கணினி. 1986இல் ரூமல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கலாம். பிழையைப் பின்னோக்கி அனுப்பி, இணைப்புகளின் வலிமையைக் காட்டும் எண்களான எடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினால், நரம்பணுக்களைப் போல இணைத்த கணினி வலைப்பின்னல் கற்றுக்கொள்கிறது. கற்றது எங்கும் விதியாக எழுதப்படுவதில்லை, எண்களில் பரவிக் கிடக்கிறது. "எப்படிக் கட்டுற அம்மாச்சி?" என்றால் அவரும் சொல்லத் தெரியாமல் கையைத்தான் காட்டுவார். ஒற்றுமை அவ்வளவுதான். கோப்பெருந்தேவியின் நடுக்கம் அந்த எண்களில் இல்லை. அதனால் அந்த வலைப்பின்னலை நனவிலி மனம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கணக்குக்குப் பயப்படாதீர்கள். புள்ளியியலை முதலில் படியுங்கள், நரம்பியல், கணினி இரண்டுக்கும் அது உதவும். அதற்கும் முன்னால் ஒரு நோட்டு வாங்கி, உங்கள் வீட்டில் யாராவது யோசிக்காமல் செய்யும் ஒரு வேலையை ஒரு மாதம் பார்த்து எழுதுங்கள். என் நோட்டின் முதல் வரி: "இந்தப் பக்கம் ரெண்டு பூ, அந்தப் பக்கம் ரெண்டு பூ, ஒரு முடிச்சு. அம்மாச்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்."