பழைய தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரங்களையும் ஓசிஆர் மூலம் எழுத்தாக மாற்ற முடியுமா? எந்த மென்பொருள் நல்லது?

முடியும். ஓசிஆர் என்பது பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் முறை. 1940, 50களில் அச்சான புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய, கூடவே தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்கள் சில என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே வழியில் செய்ய முடியாது. புத்தகங்களை முதலில் சொல்கிறேன். பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் எழுத்தாக்கி ஏற்றும் தமிழ் விக்கிமூலம் என்ற தளத்தில் நான் மெய்ப்பு (பிழை திருத்தம்) பார்ப்பது பெரும்பாலும் அந்தக் காலத்துப் புத்தகங்களைத்தான், அதனால் அவை எங்கெங்கே படுத்தும் என்று தெரியும்.

பெட்டியைத் திறந்ததும் ஸ்கேனரைத் தேடாதீர்கள். ஒவ்வொரு தலைப்பையும் விக்கிமூலத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், இன்டர்நெட் ஆர்க்கைவிலும் தேடிப் பாருங்கள். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்கள் நிறைய ஏற்கெனவே ஏறியிருக்கின்றன. அங்கே இல்லாதவற்றுக்குத்தான் உங்கள் நேரம் செலவாக வேண்டும்.

அடுத்து, உங்களுக்குத் தேட முடிந்தால் போதுமா, இல்லை எழுத்தே வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். ஒரு பெயரோ ஊரோ எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கண்டுபிடித்தால் போதும் என்றால் ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற இலவச நிரல் இருக்கிறது. பக்கத்தின் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைச் சேர்த்துவிடும். பத்து சொல்லில் ஒன்று தப்பாக இருந்தாலும் படிக்கப்போவது படத்தைத்தான் என்பதால் பெரிய நஷ்டமில்லை. மறுபதிப்பு, மின்னூல், செல்பேசியில் படிப்பது என்றால் மெய்ப்பு பார்த்தே ஆக வேண்டும். அந்த உழைப்பு எல்லாப் புத்தகத்துக்கும் தேவைப்படாது. வேறெங்கும் கிடைக்காத நாலைந்தைத் தேர்ந்தெடுத்து முழுதாகச் செய்யுங்கள், மற்றவற்றைத் தேடக்கூடிய பிடிஎஃப் ஆக்கி வைத்துவிடுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு), பொடி எழுத்தென்றால் 400. கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் சாம்பல் நிற முறையில் எடுங்கள். தமிழில் மிகச் சின்ன அடையாளம் புள்ளி. மங்கிய அச்சில் முதலில் காணாமல் போவதும் அதுதான். புள்ளி போனால் 'பக்கம்' 'பககம' ஆகிவிடும். செல்பேசியில் எடுத்தாலும் பரவாயில்லை, ஆனால் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி வாங்காதீர்கள், சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். பிறகு ஸ்கேன் டெய்லர் என்ற நிரலில் போட்டால் இரட்டைப் பக்கத்தைப் பிரித்து, சாய்வை நிமிர்த்தி, ஓரத்து நிழலை வெட்டித் தரும். இந்த ஒரு படியைச் செய்தாலே பிழை கண்கூடாகக் குறையும்.

சரி, மென்பொருள். இலவசமாக, உங்கள் கணினியிலேயே ஓடுவது டெசராக்ட். ஹெவ்லெட்-பேக்கர்டு நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவானது, 2005இல் திறமூலமாக வெளிவந்தது, அடுத்த ஆண்டிலிருந்து கூகுள் ஆதரித்தது. 2018இல் வந்த நான்காம் பதிப்பில் நரம்பியல் வலைப்பின்னல் முறை சேர்ந்த பிறகுதான் தமிழுக்கு நன்றாகப் பயன்பட ஆரம்பித்தது. தமிழோடு ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் ஆங்கிலம் ஒரு வார்த்தைகூட இல்லாத புத்தகத்துக்குக் கொடுக்காதீர்கள், 'ப'வை ஆங்கில யூ என்றும் 'ட'வை எல் என்றும் படிக்க இடம் கொடுத்தது போலாகும்.

இன்னொன்று கூகுள் டிரைவ். படத்தை ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னால் கீழே எழுத்து வந்துவிடும். என் அனுபவத்தில் பழைய தமிழ் அச்சுக்கு இதுவே டெசராக்டைவிட மேல். நீண்ட பிடிஎஃப்பை முழுதாக மாற்றித் தராது, சில சில பக்கங்களாகப் பிரித்து ஏற்ற வேண்டும். விக்கிமூலத்துக்காகக் கணியம் மின்னிதழின் த. சீனிவாசன் எழுதிய ஓசிஆர்4விக்கிசோர்ஸ் என்ற நிரல் இந்த வேலையைத் தானாகச் செய்கிறது.

இனிமேல்தான் உண்மையான வேலை. உங்கள் புத்தகங்களில் பெரும்பாலானவை பழைய எழுத்தில் இருக்கும். ணை, லை, ளை, னை நான்கிலும் ஐகாரக் குறி தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து துதிக்கை போல மேலே வளையும். ணா, றா, னா மூன்றிலும் கால் தனியாக இல்லாமல் எழுத்தோடு சேர்ந்து கீழே சுழியும். இவற்றின் ஒ, ஓ வரிசை ஆறும் அப்படியே. மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935லேயே குடி அரசு இதழில் இவற்றை மாற்றி அச்சிட்டார், தமிழ்நாடு அரசு 1978இல்தான் ஏற்றது. ஓசிஆர் நிரல்கள் கற்றதெல்லாம் பெரும்பாலும் இன்றைய எழுத்துருக்களை வைத்து. அதனால் பழைய 'லை'யை 'லே' என்றும், பழைய 'னா'வை 'னு' என்றும், 'றா'வை 'ரு' என்றும் படிக்கும். பக்கம் முழுக்க 'இல்லே', 'தலே', 'ஆனுல்', 'என்ருன்' என்று வந்தால் பயப்படாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான் வருகிறது.

'ஆனுல்' என்று தமிழில் ஒரு சொல் இல்லை, எனவே கண்ணை மூடிக்கொண்டு 'ஆனால்' என்று மாற்றலாம். 'னே'வையெல்லாம் 'னை' என்று மாற்றினால் மட்டும் வம்பு. ஒரு கதையில் 'அவனை அடித்தான்' என்று இருப்பதை ஓசிஆர் 'அவனே அடித்தான்' என்று தரும். அடி வாங்கியவன் அடித்தவன் ஆகிவிட்டான், வாக்கியத்தில் ஒரு தவறும் தெரியாது, எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. இந்த மாதிரி இடங்களில் படத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

நான் செய்வது இது. புத்தகம் முழுவதிலும் வரும் சொற்களை ஒரு பட்டியலாக்கி, எத்தனை முறை வருகிறது என்று வரிசைப்படுத்துவேன். அடிக்கடி வரும் பிழைகள் மேலே வந்து நிற்கும். தமிழில் இல்லவே இல்லாத சொற்களை ஒரே அடியாக மாற்றிவிடுவேன். இரண்டு விதமாகவும் பொருள் தருபவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

அப்புறம் கை கொடுப்பது இலக்கணம். இதை ஓசிஆர் பற்றிச் சொல்பவர்கள் யாரும் சொல்வதில்லை, எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது எதன் பக்கத்தில் வரும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்து வைத்திருக்கின்றன. பள்ளியில் மொழிமுதல் எழுத்து, மெய்ம்மயக்கம் என்று மனப்பாடம் செய்தோமே, அது பிழை தேடுவதற்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. உயிரெழுத்து சொல்லின் நடுவில் வராது. 'சு'வை 'அ' என்று படித்து 'பஅமை' என்று தந்திருந்தால், நடுவில் உயிர் வரும் சொற்களைத் தேடினாலே மாட்டிக்கொள்ளும் (செய்யுளில் அளபெடை வரும், அதை விட்டுவிடுங்கள்). ற் என்ற எழுத்துக்குப் பின்னால் த வராது, ட வராது. ர், ழ் இரண்டும் இரட்டிக்காது. ண் பின்னால் ற இருந்தாலோ, ந் பின்னால் ட இருந்தாலோ அது பிழை, 'வண்டி' 'வந்டி' ஆகியிருக்கிறது என்று அர்த்தம். க், ச், த், ப் நான்கும் தமிழ்ச் சொல்லுக்குள் அதே எழுத்தையே அடுத்துக் கொண்டுவரும். 'பக்தி', 'சப்தம்' போன்ற வடசொற்கள் விலக்கு. இந்தச் சேர்க்கைகளைத் தேடும் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பக்கம் பக்கமாகப் படிக்காமலே ஏராளமான பிழைகள் கையில் கிடைக்கும்.

துணைக்காலை 'ர' என்று படிப்பது இன்னொரு தீராத தொல்லை. 'கொண்டான்' 'கெரண்டான்' ஆகிவிடும். ஒற்றைக் கொம்பெழுத்துக்குப் பின் குறில் 'ர' நின்று, உடனே ஒரு மெய் வருகிறதா என்று தேடுங்கள். 'பெரிய', 'தெரு' எல்லாம் இதில் மாட்டாது, ஏனென்றால் அவற்றில் ரகரத்தோடு இகரமோ உகரமோ சேர்ந்திருக்கிறது.

வரி முறிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய தமிழ் அச்சில் வரிக் கடைசியில் இடம் போதாவிட்டால் இணைப்புக்கோடு எதுவும் போடாமல் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். ஓசிஆர் அதை இரண்டு சொல்லாகவே தரும். 'சுதந்திர' ஒரு வரியிலும் 'ம்' அடுத்த வரியிலும் இருந்தால், 'சுதந்திரம்' என்று தேடும்போது கிடைக்காது. இங்கேயும் அதே இலக்கணம்தான். அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கினாலோ, ண, ன, ழ, ள, ற வரிசையில் தொடங்கினாலோ, அது முந்தைய வரியின் மிச்சம், சேர்த்துவிடலாம். முந்தைய வரி ட், ற், ங் என்று முடிந்தாலும் பெரும்பாலும் அப்படியே. க், ச், த், ப் என்று முடிந்தால் மட்டும் யோசிக்க வேண்டும், அது சந்தியாகவும் இருக்கலாம். அதனால் மெய்ப்பு முடியும்வரை வரி அமைப்பைக் கலைக்காதீர்கள். படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும்.

முழுதாகச் செய்த புத்தகத்தின் ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு கடந்திருந்தால் இந்தியச் சட்டப்படி அதன் பதிப்புரிமை முடிந்துவிட்டது. தயவுசெய்து விக்கிமூலத்தில் சேர்க்கப் பாருங்கள். ஒருவர் மெய்ப்பு பார்த்த பக்கம் மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தால் பச்சை. தனியாக உட்கார்ந்து செய்வதைவிட, அறிமுகமே இல்லாத ஒருவர் நீங்கள் விட்ட பிழையைத் திருத்திப் போவது மனத்துக்கு அவ்வளவு தெம்பு.

பத்திரங்களுக்கு வருகிறேன். கையெழுத்துப் பத்திரத்தில் டெசராக்ட் ஒன்றுக்கும் உதவாது, அது அச்செழுத்துக்கானது. ஜெமினி, சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு நிரல்கள் கையெழுத்தை ஓரளவு படிக்கின்றன. ஆனால் புரியாத இடத்தை விட்டுவிடாமல், பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை எழுதி நிரப்பிவிடும். கதையில் அது சின்னப் பிழை. பத்திரத்தில் செக்குபந்தி (நான்கு எல்லை) சொல்லும் இடத்தில் 'ஏரிக்குக் கிழக்கு' என்பது 'மேற்கு' ஆனாலோ, சர்வே எண்ணில் 3 என்பது 8 ஆனாலோ நிலமே மாறிவிடும். மேற்படி என்பதற்கு எழுதும் ௸ போன்ற குறிகளிலும், தமிழ் எண்களிலும் தடுமாறும். ௧ என்பதும் க என்பதும், ௭ என்பதும் எ என்பதும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், மனிதருக்கே இடம் பார்த்துத்தான் புரியும். பயன்படுத்துவதாக இருந்தால் சுருக்கம் கேட்காதீர்கள். வரிக்கு வரி எழுதச் சொல்லி, படிக்க முடியாததைக் கேள்விக்குறி போட்டுவிடச் சொல்லுங்கள். பெயர் தெரியாத இலவச ஓசிஆர் தளங்களில் பத்திரத்தை ஏற்றவே வேண்டாம், அதில் உங்கள் குடும்பத்தின் பெயர், முகவரி, சொத்து எல்லாம் இருக்கிறது.

சில பத்திரங்கள்தானே என்றால் ஓசிஆர் இல்லாமலே முடித்துவிடலாம் என்பது என் கருத்து. நல்ல ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு எக்செல் தாளில் பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், சர்வே எண், விஸ்தீரணம், நான்கு எல்லை இவற்றை மட்டும் கையால் தட்டச்சு செய்யுங்கள். படிக்க முடியாத பத்திரம் இருந்தால் ஊரில் வயதான பத்திர எழுத்தர் யாரிடமாவது காட்டுங்கள், அந்தக் கையெழுத்தும் வாசகமும் அவர்களுக்குப் பழக்கம். எண்ணும் ஆண்டும் தெரிந்துவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனு போடலாம். வங்கிக்கோ வழக்கறிஞருக்கோ காட்ட வேண்டியது அசல் பத்திரத்தையோ அந்தச் சான்றிட்ட நகலையோதான், நீங்கள் தட்டச்சு செய்ததை அல்ல.