குடிப்பற்றும் கருவூலமும்

அன்புள்ள ஐயா,

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் மக்கள் நாட்டைவிடத் தம் இனக்குழுவையே பெரிதாகக் கருதுவதால்தான் பொருளாதாரம் வளரவில்லை என்றும், ஒரே இனமும் ஒரே மொழியும் உள்ள நாடுகளே முன்னேறும் என்றும் நண்பர் ஒருவர் வாதிடுகிறார். உங்கள் கருத்து என்ன? நல்ல தலைவர் ஒருவர் வாய்த்தால் நிலைமை மாறிவிடாதா?

செ.

அன்புள்ள செ.,

உங்கள் நண்பருக்குச் சோமாலியாவைக் காட்டுங்கள். அங்கே மிகப் பெரும்பாலோருக்கு மொழியும் ஒன்று, சமயமும் ஒன்று. ஆயினும் 1991-இல் சியாத் பாரேயின் ஆட்சி வீழ்ந்தபோது அந்நாடு குலம் குலமாகச் சிதறியது. குலப்பற்றை ஒழிப்பதாக ஊரறிய முழங்கிய அவரே தம் குலம், தாயின் குலம், மருமகனின் குலம் என மூன்றையும் அணைத்துக்கொண்டுதான் ஆண்டார். தான்சானியா இதற்கு நேர்மாறு. நூற்றுக்கும் மேற்பட்ட இனக்குழுக்களைச் சுவாஹிலி மொழியால் அதன் முதல் குடியரசுத் தலைவர் நைரேரே பிணைத்தார், இனக்கலவரம் இல்லை. ஆனால் உழவர்களைக் கட்டாயமாகக் கூட்டுக் கிராமங்களில் குடியேற்றிய கொள்கையால் வேளாண்மை நலிந்தது. ஆக, ஒற்றுமை மட்டும் வளர்ச்சியைத் தந்துவிடுவதில்லை.

குடிப்பற்றை அறியாமை என்று ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும் வங்கியும் கைவிடும் இடத்தில், நோய்க்கும் பஞ்சத்துக்கும் வழக்குக்கும் துணை நிற்பது சொந்தக் குலமே. அந்தக் காப்பை விட்டுவிடு என்று சொல்லும் அரசு, அதற்கு ஈடாக எதைத் தருகிறது என்பதே கேள்வி.

போட்ஸ்வானா அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. 1966-இல் விடுதலை பெற்றபோது அந்நாட்டில் தார்ச்சாலை ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான் இருந்தது. அதன் முதல் குடியரசுத் தலைவர் செரெத்சே காமா, பாமங்வாட்டோ குடியின் தலைமைக்கு உரியவராகப் பிறந்து, அவ்வுரிமையைத் துறந்தவர். 1967-இல் ஒராப்பாவில் வைரம் கண்டறியப்பட்டது. அந்த நிலம் அவருடைய குடிக்கே உரியது. அதே ஆண்டில் அவர் அரசு கொண்டுவந்த கனிமச் சட்டத்தின்படி, அதுவரை குடிகளிடம் இருந்த நிலத்தடிக் கனிம உரிமை நாட்டின் பொது உடைமையாயிற்று. தம் உறவினரின் மண்ணடியில் கிடந்த செல்வத்தை எல்லோருக்கும் உரியதாக்கிய பிறகு, மற்றக் குடிகளிடம் விட்டுக்கொடுக்குமாறு கேட்கும் தகுதி அவருக்கு இருந்தது. அவர் குடித்தலைவர்களை ஒழிக்கவுமில்லை. அரைவட்ட மரவேலிக்குள் ஊர் கூடி எவரும் எழுந்து பேசக்கூடிய 'கோட்லா' மன்றம் தொடர்ந்தது. அமைச்சர்களும் அங்கே வந்து விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. நிலம் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் மட்டும் 1970 முதல் தலைவர்களிடமிருந்து நில வாரியங்களுக்குப் போயிற்று.

அந்நாட்டைப் புனிதமாக்கவும் நான் விரும்பவில்லை. த்ஸ்வானா மக்களின் பெரும்பான்மை இந்த உடன்பாட்டை எளிதாக்கியது. கலஹாரிப் பாலைநிலத்திலிருந்து அதன் தொல்குடிகளான சான் மக்களை வெளியேற்றியதும் அதே அரசுதான், அது சட்டவிரோதம் என்று 2006-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

நல்ல தலைவர் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். கென்யாவில் 1963 முதல் 2011 வரையிலான சாலைச் செலவைக் கணக்கெடுத்த ஓர் ஆய்வின்படி, சர்வாதிகார ஆண்டுகளில் அதிபரின் இனத்தார் வாழும் மாவட்டங்கள் மற்றவற்றைப் போல இரு மடங்கு செலவைப் பெற்றன. முதல் அதிபர் கென்யாட்டா காலத்தில் அவருடைய கிகுயூ இனத்தாருக்கும், அடுத்து வந்த மோய் காலத்தில் அவருடைய கலெஞ்ஜின் இனத்தாருக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. பல கட்சி ஆட்சி இருந்த காலங்களில் இந்தப் பாரபட்சம் மறைந்துவிடுகிறது. மக்களின் இனப்பற்று அதற்காகக் குறைந்துவிடவில்லை, வாக்களிப்பில் இன்றும் அது தெரிகிறது. கருவூலத்தின் சாவி ஒருவர் கையில் மட்டும் இல்லாமற்போனதே வேறுபாடு.

1980-இல் செரெத்சே காமா மறைந்தபின் பதவியேற்ற குவெட் மசீரே பங்வக்கெட்சே குடியைச் சேர்ந்தவர். அரச குடும்பத்தவரும் அல்லர். வைர வருவாய் அவருடைய குடியைத் தேடி இடம்பெயரவில்லை.

அன்புடன்.